மாமியார் திட்டிய அத்தியாயம்

ஆய்வேடு டைப் அடிக்கிறவர்களின் தலைவிதி, தாங்கள் படிக்காத புத்தகத்தைப் பற்றி இருநூறு பக்கம் தெரிந்து வைத்திருப்பதுதான். விரல் தேய்ந்த சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் பட்டதையும் கேளுங்கள்.

எண்ணிப் படித்தவள்

பட்டுச்சேலைக் கடைகளுக்கு நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துக்கொண்டிருந்த என்னிடம், தேவிகாபுரத்திலிருந்து கலைவாணி வந்தாள். எம்.ஃபில். மாணவி. ஒரு நாவலின் நடையை ஆராய்கிறாளாம். வாக்கியத்துக்கு எத்தனை சொல் என்று பென்சிலால் எண்ணி வைத்திருந்தாள். பாத்திரம் சாந்தமாகப் பேசினால் பதினொரு சொல், கோபம் வந்தால் மூன்று. வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்காவிட்டால் ஒரு வருஷம் வீண்.

"இதுக்குப் போய் எண்ணணுமாம்மா? எங்க வீட்டுக்காரர் 'சாப்பாடு ஆச்சா, கை கழுவிட்டு வரட்டுமா'ன்னா சந்தோஷமா இருக்கார். 'சோறு'ன்னா கோபம்" என்றேன்.

"அக்கா, எங்க கைடு வந்தா இதைச் சொல்லிடாதீங்க. என் ஒரு வருஷ உழைப்பை ஒரு நிமிஷத்துல முடிச்சிட்டீங்க!"

நாலாம் அத்தியாயம்

தலைப்பு, வசைச்சொற்கள். நாவலில் வரும் மாமியார் மருமகளைத் திட்டும் வரிகளை எடுத்துப்போட்டு, ஒவ்வொன்றின் கீழும் விளக்கம். நான் தினமும் மானிட்டருக்கு விபூதி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். அதில் 'நாசமாப் போ' என்று எப்படி அடிப்பது? 'நல்லா இரு' என்று மாற்றிவிட்டேன். மற்றதையும் அப்படியே. யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

வியாழக்கிழமை காலை கலைவாணி பிழை திருத்த உட்கார்ந்தாள். 'நல்லா இரு.' அதன் கீழே, 'இவ்வாக்கியத்தின் சுருக்கம் பாத்திரத்தின் கொலைவெறியைக் காட்டுகிறது.'

"இன்னாக்கா இது பேஜாரு! அந்தம்மா பக்கத்துக்குப் பக்கம் ஆசீர்வாதம் பண்ணிகினு இருக்காங்க, நான் கொலைவெறின்னு எழுதிகினு இருக்கேன். இதை எடுத்துகினு போனா எனக்கு மந்திரிச்சுத்தான் அனுப்புவாங்க!"

பரிகாரம்

மொத்தம் இருபத்தாறு வசவு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் "முருகா" என்று சத்தமாகச் சொல்லி, வசவையும் வாய்விட்டுப் படித்தபடியே திருத்தி அடித்தேன். பக்கத்து மெஷினில் இருந்த சாந்தி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, முருகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திட்டறீங்களே, தன்னைத்தான்னு அவர் நெனச்சுக்கப் போறாரு."

வாய்மொழித் தேர்வு

பைண்டிங் ஆகி, வெள்ளிக்கிழமையே ஒப்படைத்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. அவள் நல்லபடியாகத் தேறவேண்டுமே என்று நான் அன்று விரதம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேராக சென்டருக்குத்தான் வந்தாள்.

"பாஸ் அக்கா! ஆனா நீங்க இருபத்தஞ்சுதான் திருத்தியிருக்கீங்க. மீதி ஒரு 'நல்லா இரு'வை வெளியூர்ப் பேராசிரியர் புடிச்சிட்டாரு. செத்தேன்னு நெனச்சேன். 'ஆத்திரத்தின் உச்சியில் வாழ்த்த வைத்தாரே, அங்கேதான் இந்த நாவலாசிரியரின் நடை நிற்கிறது'ன்னு பத்து நிமிஷம் பேசினாரு. நான் வாயே தொறக்கல!"

அதற்குப் பிறகு நான் உள்ளதை உள்ளபடியே அடித்து வருகிறேன். ஒரு பேராசிரியரும் பாராட்டியதில்லை.