மாமா தட்டிய மான்கொம்பு

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, லண்டன் எட்மண்டனில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த சாமான்களில் அம்மா வாசலுக்குள் விடமாட்டேன் என்று மறித்தது ஒரு சோடி மான்கொம்பைத்தான். மாமாவுடன் வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் லைசென்ஸ் எடுத்து முறைப்படி மான்வேட்டைக்குப் போகிறவர். இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் மாமாவையும் எசெக்ஸ் பக்கத்துக் காட்டுக்குக் கூட்டிப்போவார். துவக்கு அவர் கையில், கொம்பு மாமாவின் கையில்.

அம்மாவை எப்படியோ சமாளித்துக் கொம்பை உள்ளே கொண்டுவந்த மாமா, ஹோலில் குந்தியிருந்து எனக்குச் செய்து காட்டினார். கொம்புகளை மோதினார், உரசினார், காலால் கார்ப்பெட்டையும் உதைத்தார்.

"ரெண்டு கலைமான் சண்டை பிடிக்கிற மாதிரிக் கேக்கோணும். என்னை விட்டிட்டு ஆர் அங்கை சண்டை பிடிக்கிறதெண்டு மூண்டாவது ஓடிவரும்" என்றார்.

நான் நம்பவில்லை. சண்டை என்றால் யாராவது ஓடிவருவார்களா? ஓடித்தானே தப்புவார்கள்.

அந்த வருடம், லண்டனின் மற்றப் பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்த பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். அக்கா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டுக்கு அப்பா நேரில் போய்ச் சொல்லாமல், ஷிப்ட் நெருக்கடியில் வாட்சப்பில் கார்டை அனுப்பிவிட்டார். அதுவும் சொந்த அண்ணனுக்கு. மன்னிப்புக் கேட்க அப்பா போன் எடுத்தபோதெல்லாம் பெரியம்மாதான் பேசினார். "அவர் குளிக்கிறார்" என்பார். அவ்வளவு குளித்த மனிதர் லண்டனிலேயே இருந்திருக்கமாட்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போய்விடுவார். எனக்கும் பெரியப்பா இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்கவேயில்லை.

அப்படியொரு ஞாயிறு மத்தியானம் மாமா பெரியம்மாவுக்குப் போன் எடுத்தார். சுகம் விசாரித்துக்கொண்டே போனைக் கட் பண்ணாமல் மேசையில் வைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். அப்பாவும் விடவில்லை.

"என்ரை ட்ரில்லை வாங்கிக்கொண்டு போய்த் துலைச்சுப்போட்டு, நிண்டு கதைக்கிறாய் என்ன?"

"உங்கடை ஓட்டை ட்ரில் ஆருக்கு வேணும், அத்தான்?"

அவர்கள் இருவரையும் நான் அப்படிக் கண்டதேயில்லை. பயத்தில் அழுதுவிட்டேன். அம்மா என்னை அணைத்தபடி, போனுக்குக் கேட்கக்கூடியதாக, "ஆராவது பெரியாக்கள் வந்து இதை நிப்பாட்டுங்கோவன்" என்றார். பிறகு கண்ணைத் துடைக்காமலே குசினிக்குப் போய் உலையில் இன்னொரு சுண்டு அரிசி போட்டார்.

பெரியப்பா வந்தார். அவசரத்தில் கம்பளி ஜம்பரை உள்ளும் புறமும் மாறிப் போட்டிருந்தார். கையில் ஒரு பை. அதற்குள்ளிருந்து ஒரு ட்ரில்லை எடுத்து, மேசையில் கிடந்த மான்கொம்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கேர்ட்டின் போட நான் வாங்கிக்கொண்டு போனது" என்றார்.

மாமா கூரையைப் பார்த்தார். பெரியப்பா கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "பசிக்குது பிள்ளை, சோத்தைப் போடு" என்று அம்மாவிடம் சொன்னார். அப்பா தானே சோத்துக் கோப்பையை எடுத்து வந்து, "அண்ணை" என்று ஏதோ சொல்லத் தொடங்கி, முடிக்க ஏலாமல் அழுதார்.

தொலைந்த ட்ரில் கிடைத்த சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ட்ரில் என்ற சொல் போனில் கேட்டபோதே அந்தச் சண்டை பொய்யென்று பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அது எனக்கு விளங்கியபோது நான் வளர்ந்துவிட்டிருந்தேன். தெரிந்துகொண்டுதான், ஜம்பரைக்கூடச் சரியாகப் போடாமல், அந்த மனிதர் ஓடிவந்திருக்கிறார்.