தினமும் நாலு பத்துக்கு வருகிறவர்

நான் அந்த வீட்டில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வீட்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். கட்டில் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க மூன்று பக்கம் இடம் வேண்டும், காற்று வேண்டும். அதற்கு ஏற்ற அறை ஒன்றுதான் இருந்தது. அதைக் கம்ப்யூட்டர்கள் பிடித்துக்கொண்டிருந்தன.

அவருடைய கணவர் ஒரு கம்பெனியில் பிரிண்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கம்ப்யூட்டர் டப்பாக்களைச் சேர்த்து வைத்திருப்பதால் தெருவில் டப்பா சார் என்பார்கள். முன்பு இணையத்தில் செய்திக்குழுக்கள் என்று இருந்தனவாம். ஒருவர் சந்தேகம் எழுதுவார், முகம் தெரியாத இன்னொருவர் பதில் எழுதுவார். பிரிண்டர் குழுவில் இவர் பதினைந்து வருடம் பதில் எழுதியிருக்கிறார். அந்தப் பதில்களையும் பழைய பிரிண்டர்களுக்கான கோப்புகளையும் அந்த அறையில் மூன்று இயந்திரங்களில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தார். படம் கிடையாது, வெறும் பட்டியல். வருகிறவர் பெயர் சொல்ல வேண்டாம். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் மரியாதைக்குத் தன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் போதும்.

"சார், அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுங்க."

"அது மட்டும் முடியாது சிஸ்டர். இன்னும் ஒருத்தர் வர்றார்."

"யார் வர்றா? நான் பார்க்கலியே?"

"இதுல வர்றார்," என்று திரையைக் காட்டினார். "மத்தவங்க எல்லாரும் போயாச்சு. இவர் ரெண்டு வருஷமா தினம் வர்றார். முகவரி ஒழுங்கா குடுக்கறார். இந்தக் காலத்துல யார் குடுக்கறா?"

பக்கத்து அறையிலிருந்து அம்மா குழறலாக, "என்னைப் பார்க்க அப்படி ஒருத்தரும் வரலியே," என்றார்.

சார் மூடப்போவதாக அந்த முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். பத்து நாள் போயிற்று. புண்ணில் வாடை வந்தது. இப்படியே போனால் எலும்பு தெரியும் என்று நேராகச் சொன்னேன். துவைத்த விரிப்புகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவரும் சரியாகத் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யார் எப்போது வந்தார்கள் என்று திரையில் குறித்துக்கொண்டே வரும் பதிவை நானே பார்த்தேன். நாலு பத்து. மறுநாளும் நாலு பத்து. ஞாயிற்றுக்கிழமையும் நாலு பத்து. ஒரே கோப்பு.

"சார், இது ஆள் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"முப்பத்தெட்டு வருஷம் வார்டுல சார்ட் பார்த்தவ நான். நிஜமா மருந்து குடுத்திருந்தா நாலு ரெண்டு, நாலேகால்னு முன்னப் பின்ன இருக்கும். நிமிஷம் பிசகலைன்னா மனுஷக் கை படல."

"எனக்கும் தோணாம இல்ல சிஸ்டர்," என்றார். "எங்க ஆபீஸ்லயும் தானா ஓடற மாதிரி இப்படி ஒரு புரோகிராம் போட்டு வச்சேன். வேற ஊர் மெஷின்லேருந்து தினம் ஒரு பட்டியல் எடுத்துட்டு வரும். ரிட்டயர் ஆனப்ப அதை நிறுத்தல."

"நிறுத்தாட்டி?"

"அது பாட்டுக்குப் போகும். அங்க எவனோ ஒருத்தன், ஆள் வருதுன்னு நினைச்சிட்டிருப்பான்."

மறுநாள் காலை அவரே பிளக்குகளைப் பிடுங்கினார். அலமாரியை நகர்த்தியதும் பின்னால் ஜன்னல் தெரிந்தது. அம்மாவின் கட்டிலை அங்கே கொண்டுவந்து நடுவில் போட்டோம்.

"இந்த ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்றார் அம்மா. "இத்தனை நாள் மறைச்சு வச்சிருந்தீங்களே, பெரிய மனுஷன்தான் போங்க."

புண் மூட ஒன்பது வாரம் ஆனது. அதுவரை புரட்டும்போது தோள் பக்கம் சார் பிடித்தார், இடுப்புப் பக்கம் நான்.