வாசனை இல்லாத பொட்டலம்

திருச்சியில் சீருடை போட்டுப் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் என் கடைத் தையலில்தான் படித்தார்கள். மீதிப் பேருடைய தையல் சரியில்லை. இதை நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? ஒரே ஒரு கால் மிஷினில் ஆரம்பித்தவள் நான். இன்று புத்தூரில் இரண்டு மாடிக் கடை, பின்னால் நாற்பது மிஷின் ஓடுகிற பட்டறை, கே.கே. நகரில் சொந்த வீடு. படிப்பு அஞ்சாம் வகுப்பு, அதிலும் பாதி. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட, சட்டைக்கு மாதிரி வெட்ட எடைக்கு வாங்கிய பழைய பேப்பர்களை வரி விடாமல் படித்ததுதான் அதிகம். அதனால் இதை எழுதுவதும் நானேதான். பிழை இருந்தால் தம்பி மகள் திருத்துவாள்.

அந்தத் தம்பி மகளால்தான் இதை எழுத வேண்டி வந்தது. பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். மேலே படிக்க ஒரே வாரத்தில் இரண்டு இடம் வந்தது. ஒன்று அயர்லாந்தில், இன்னொன்று இங்கேயே, வீட்டு வாசலில் டவுன் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில். இந்த மாதிரிக் குழப்பம் எனக்குப் புதிதில்லை. வெளிநாடு போகிற பிள்ளைக்குக் கோட்டு, உள்ளூரில் படிக்கிற பிள்ளைக்குப் பேன்ட் சட்டை. எதற்கு அளவு எடுப்பது என்று என் மேஜை முன்னால் நின்றே சண்டை போட்டுக்கொள்ளும் அப்பா அம்மாக்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆனால் நம் வீட்டில் வந்தால் குழப்பத்தின் நிறமே வேறு. தம்பிக்குத் தூக்கம் போயிற்று. அயர்லாந்து என்று சொன்னவரிடமும் தலையாட்டினான், இங்கேயே என்றவரிடமும் தலையாட்டினான். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடைக்கு வந்து நின்றான். கையில் இரண்டு சின்னப் பொட்டலம்.

"பேசாம பூக் கட்டிப் பாத்துடலாம்க்கா. நீயே எடு. சித்தப்பாவுக்கு எடுத்த கையாச்சே!"

ஆமாம். சித்தப்பாவுக்கு எடுத்த கைதான் இது. ஒன்பது வயதில், ஒரு ஆளை ஜெர்மனிக்கு அனுப்பிய கை.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தோம். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். அவருடைய தம்பிதான் சித்தப்பா, எங்களோடுதான் இருந்தார். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி. பௌதிகம் படித்தவர். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக் கொடுப்பார், அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் என்னை உட்கார வைத்திருப்பார். நான் கணக்கில் புலி. நம்பாதவர்கள் இன்றைக்கும் கடைக்கு வந்து கேட்கலாம். ஒரே ஒரு குறை, கேள்வியை முழுசாகப் படிக்காமல் விடை எழுதிவிடுவேன். "திரும்பப் படி, குட்டி. கேட்டவன் தப்பாக் கேட்டிருந்தாலும் உனக்குத் தெரிஞ்சிடும்" என்று தலையில் தட்டுவார்.

அந்த வருஷம்தான் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு நீளக் கவர் வந்தது. உதவித்தொகையோடு மேல்படிப்புக்கு இடம். தபால்காரர் அதைக் கையில் கொடுக்காமல், எங்கிருந்து வந்திருக்கிறது என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். அதே மாதம், சித்தப்பா படித்த திருச்சிக் கல்லூரியிலேயே எம்.எஸ்ஸி.க்கும் இடம் கிடைத்திருந்தது. அந்தக் கடிதத்தை யாரும் இரண்டாவது முறை படிக்கவில்லை.

அப்பாவுக்கு அனுப்பவும் ஆசை, அனுப்பவும் பயம். கடல் தாண்டிப் போகிறவன் திரும்பி வருவானா, மாட்டுக்கறி தின்பானா, வெள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு வருவானா? "உனக்கு என்னடா தோணுது?" என்று தம்பியைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அண்ணன் கேட்காமல் சொல்லச் சித்தப்பாவுக்கும் வராது. அப்போது அப்படித்தான். அப்பா எதிரே சித்தப்பா உட்கார்ந்துகூடப் பேச மாட்டார். ஆனால் எனக்குத் தெரியும். விளக்கு வைத்த பிறகு என்னுடைய தேசப்படப் புத்தகத்தை வாங்கி, ஜெர்மனி இருந்த பக்கத்தை எத்தனை முறை பிரித்துப் பார்த்தார் என்று எனக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் மட்டும் தையல் விட்டுப் போயிருந்தது.

வீட்டில் இன்னொரு பேச்சும் அப்போது நடந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு ஏழு மாதம். வயிற்றில் இருந்தவன்தான் இந்தத் தம்பி. "குழந்தை பொறந்தா எனக்கு ஒரு கை வேணும். பொம்பளப் புள்ள நாலாவது படிச்சா போதும்" என்றாள் அம்மா. சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா நிமிராமலே, "நான் இந்த வீட்டுல இருக்கற வரைக்கும் இவ ஸ்கூலுக்குப் போவா அண்ணி" என்றார். அம்மா அதற்கு மேல் பேசவில்லை. எனக்குத்தான் எரிச்சல். தம்பிப் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் ஜாலியாக இருக்கலாம் என்று நினைத்தால், இவர் பதினாறாம் வாய்ப்பாட்டை விட மாட்டேன் என்கிறாரே!

கடைசியில் அப்பா, பிள்ளையாரிடம் கேட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, சாமி காலடியில் வைத்து, ஒரு சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. மல்லி வந்தால் உள்ளூர். சிவப்பு இட்லிப்பூ வந்தால் ஜெர்மனி. எடுக்கப் போகிறவள் நான். சந்திலேயே அந்த வாரம் எனக்கு இருந்த மரியாதை தேர் அன்றைக்குத் தேருக்குக்கூட இருந்திருக்காது.

முதல் நாள் சாயங்காலம் சித்தப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் காவிரிக் கரைக்குக் கூட்டிப் போனார். படித்துறையில் யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குனிந்தார்.

"குட்டி, நாளைக்கு ரெண்டு பொட்டலத்தையும் மோந்து பாரு. வாசனை வர்றதை எடு. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உனக்கு ரோஸ் மில்க் வாங்கித் தரேன்."

"வாசனை வர்றதா?"

"வாசனை வர்றது. மறந்துடாத."

மறக்கவில்லை. ராத்திரி பாயில் படுத்து அவர் சொல்லிக் கொடுத்தபடியே கேள்வியைத் திரும்பப் படித்தேன். மல்லிதானே மணக்கும்? மல்லி என்றால் உள்ளூர் ஆயிற்றே? தேசப்படத்தில் ஜெர்மனியை விரலால் தடவித் தடவிப் பார்க்கிற ஆள் உள்ளூரையா கேட்பார்? பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார். பௌதிகம் படித்த மனுஷருக்குப் பூ பற்றி என்ன தெரியும்? நல்ல வேளை, என்னிடம் சொன்னார். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் காரியமே கெட்டிருக்கும்.

மறுநாள் காலை சந்து முனைப் பிள்ளையார் கோயிலில் நல்ல கூட்டம். குருக்கள் பொட்டலங்களைக் குலுக்கித் தட்டில் வைத்தார். நான் அவசரப்படவில்லை. தலையில் குட்டிக்கொண்டேன். தோப்புக்கரணம் மூன்று போட்டேன். பிறகு தட்டுக்கு மேலே நன்றாகக் குனிந்து ஒரு கும்பிடு போட்டு, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். "பாரு, என்ன பக்தி!" என்று பின்னால் ஒரு மாமி சொன்னது காதில் விழுந்தது. இடது பக்கம் மல்லி, கும்மென்று. நான் வலது பக்கத்தை எடுத்துக் குருக்களிடம் நீட்டினேன்.

சிவப்பு.

அப்பா அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்கு முத்தம் கொடுத்தாள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். சித்தப்பா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினேன்.

ரோஸ் மில்க் வாங்கித் தந்தார். வாக்குத் தவறாத மனுஷர். கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"ஜலதோஷமா உனக்கு?"

"இல்லையே."

"வாசனை தெரியலையா?"

"தெரிஞ்சுது சித்தப்பா. நீங்கதான் மாத்திச் சொல்லிட்டீங்க. நான் கேள்வியத் திரும்பப் படிச்சு, சரி பண்ணிட்டேன்!"

அவர் தன் டம்ளரையும் என் பக்கம் நகர்த்தினார். நான் அதையும் குடித்தேன். செய்த வேலைக்கு ஒரு டம்ளர் போதாது என்று அவருக்கே தோன்றியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திருச்சி ஜங்ஷனில் மெட்ராஸ் ரயில் ஏற்றிவிட சந்தே வந்தது. ஏறுவதற்கு முன்னால் அம்மாவிடம், "இவளை நிறுத்திடாதீங்க அண்ணி" என்றார். "நான் எதுக்கு நிறுத்தறேன்?" என்றாள் அம்மா. பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷத்தில் அவள் அப்படித்தான் நினைத்தாள். பிறகு தம்பி பிறந்தான். அவன் தலை நிற்கிற வரைக்கும் என்று நின்றேன். மறுபடி போனேன். அவன் தவழ ஆரம்பித்ததும் அஞ்சாவது நடுவில் மறுபடி நின்றேன். அப்புறம் போகவில்லை. அப்பா ஜெர்மனிக்கு எழுதிய கடிதங்களில் "இங்கு அனைவரும் நலம்" என்று எழுதுவார். அந்த அனைவரில் நானும் இருந்தேன்.

எனக்கு அதில் துக்கம் எதுவும் இருந்ததில்லை. ஜெர்மனிக்கு ஆள் அனுப்பியவள் என்ற பெயர் இருந்தது. ரொம்ப நாளைக்கு எங்கள் சந்தில் பெண் பார்க்கப் போவது, மாடு வாங்குவது எல்லாவற்றுக்கும் பூ எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். சித்தப்பா அங்கே பெரிய ஆராய்ச்சிக்காரரானார். அவரைப் பார்த்து எங்கள் உறவில் எத்தனை பிள்ளைகள் படித்து மேலே வந்தார்கள்! எல்லாம் என் மூக்கு செய்த வேலை. இந்தக் கதையைக் கடையில் கோட்டுக்கு அளவு எடுக்கும்போதெல்லாம் சொல்வேன். அவர் ஏன் மாற்றிச் சொன்னார் என்று யாராவது கேட்டால், கடைசி நேரத்துப் பயம், குளிர் தேசமாயிற்றே என்பேன்.

அன்றைக்குத் தம்பி பொட்டலங்களோடு நின்றபோதும் அதையேதான் சொன்னேன். தம்பி மகள் என் வெட்டு மேஜை மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். நூறு முறை கேட்ட கதை அவளுக்கு.

"பயம்லாம் இல்ல அத்தை. நான் இந்த வீட்டுல இருக்கற வரைக்கும்னு அவர் சொன்னார்னு நீங்கதான சொல்வீங்க?" என்றாள். "கேள்வியத் திரும்பப் படிங்க."

பட்டறையில் நாற்பது மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தம்பி, "எடுக்கா, நல்ல நேரம் போகுது" என்றான். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு பொட்டலத்தையும் பிரிக்காமல் கடைப் பையனிடம் கொடுத்துப் பிள்ளையாருக்கு அனுப்பினேன். பிறகு இவளைப் பார்த்து, "உனக்கு எதுடி வேணும்?" என்றேன்.

"இங்கயே. நான் படிக்கப் போறது மணல் அள்ளின ஆத்துல தண்ணி எப்படி ஓடுதுன்னு. கொள்ளிடம் இங்கதான அத்தை இருக்கு? அயர்லாந்துல போய் அதை எங்க தேடுறது?"

தம்பி இதற்கும் தலையாட்டினான். எனக்குத்தான் ஏமாற்றம், மறைப்பானேன்? அயர்லாந்துக்கு என்று கறுப்பு நிறத்தில் அருமையான கோட்டுத் துணி எடுத்து வைத்திருந்தேன். மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். ஆனால் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தது இதுதான் முதல் தடவை.

சித்தப்பா இப்போது இல்லை, போய்க் கேட்க முடியாது. ஆனால் அவர் முதல் முறை லீவில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நாலு வருஷம் கழித்து வந்தார். இடுப்பில் தம்பியோடு நான்தான் கதவைத் திறந்தேன். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், "எந்த கிளாஸ் குட்டி இப்போ?" என்றார். "அதெல்லாம் நின்னாச்சு சித்தப்பா. இப்ப இந்த வீட்டுல எல்லாமே நான்தான்!" என்றேன் பெருமையாக. அவர் ஷூவைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ரயில் அலுப்பு என்றாள் அம்மா.

மறுநாள் என்னைத் திருச்சிக்குக் கூட்டிப் போய்ப் பெரிய கடை வீதியில் ஒரு கால் மிஷின் வாங்கித் தந்தார். குதிரை வண்டியில் அதை ஏற்றி, ஆட்டம் காணாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு திரும்பினோம். வண்டி காவிரிப் பாலத்தில் ஏறியபோது சித்தப்பா தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்:

"நீ அந்த மல்லியையே எடுத்திருக்கலாம், குட்டி."

எனக்குப் பாவமாக இருந்தது. அந்த ஊரில் எப்படிக் குளிர்ந்தால் இப்படிச் சொல்லுவார்!

"கவலைப்படாதீங்க சித்தப்பா. நீங்க திரும்பிப் போறதுக்குள்ள உங்களுக்கு நல்ல கனமா ஒரு கோட்டு தைச்சுத் தரேன். அப்புறம் குளிரவே குளிராது" என்றேன்.

அவர் கையை நீட்டி என் தலையில் வைத்தார். மிஷின் வாங்கி ஒரு மணி நேரம் ஆவதற்குள் முதல் ஆர்டர் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.