காலியாகத் திரும்பாத பை

கோமதி அத்தை போய்விட்ட செய்தி முதலில் நம் கூட்ஸ் ஷெட்டுக்குத்தான் வந்தது. அப்பா அங்கே சுமை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. போனில் கேட்டவர் அரிசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்து, "தங்கச்சி போயிட்டா வே" என்றாராம். கூட நின்ற அண்ணாச்சிகளே, உங்களுக்கு அவளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு செங்கல் இருக்கிறது.

அத்தைக்கு மதுரையில் ரயில்வே வேலை. சரக்கு வண்டி ஓடுவதற்கு ஆகும் செலவைக் கணக்கிட வேண்டும். "எங்க அத்தைக்குச் சரக்குன்னா உயிர்" என்று நான் பள்ளிக்கூடத்தில் பரப்பியதில், டீச்சர் வீட்டுக்கே விசாரிக்க வந்துவிட்டார். அத்தை அவருக்குக் காபி கொடுத்து, "உள்ளதைத்தான சொல்லிருக்கா" என்றாள்.

சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பை நிறையக் கொண்டுவருவாள். ஞாயிறு நிறைத்துக்கொண்டு போவாள். ஒருமுறை அதன் அடியில் செங்கல்லைப் பேப்பரில் சுற்றி வைத்தேன். மதுரை வரை சுமந்தவள், அடுத்த வாரம் அதை என் தலையணைக்குள் திருப்பி வைத்தாள். "பை எப்படியும் வரத்தான போகுது. கல்லுக்குத் தனியா டிக்கெட்டா கேக்கப்போறான்?" அதன்பிறகு நாங்கள் மாறி மாறி ஒளித்துவைக்க, அந்தக் கல் சீசன் டிக்கெட் எடுத்த பயணியாகிவிட்டது.

அந்தக் கல்லில்தான் நம் ஷெட் நின்றது. அதை மூடலாமா என்று பேச்சு வந்தபோது, செலவு பார்த்துச் சொல்லும் வேலை அத்தையிடமே வந்தது. அண்ணன் அங்கே வேலை பார்ப்பதை ஆபீஸில் சொல்லி, தன் கணக்கை இன்னொருவரும் சரிபார்க்கக் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினாள். "இப்ப உள்ளபடி நட்டந்தாண்ணே" என்றபோது அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அத்தனை குடும்பத்துட்டயும் நீயே வந்து சொல்லிரு."

வந்தாள். "அரிசிய எறக்கிட்டு வண்டி காலியாத் திரும்புது. அந்தச் செலவும் அரிசி தலையிலதான் விழுது. எப்படியும் போற வண்டியில நம்ம திருவேங்கடம் பக்கத்து மக்காச்சோளத்த ஏத்துனா கூடுதல் செலவு கொஞ்சந்தான். ஆனா வண்டி காத்துக் கெடக்கக் கூடாது. நிக்கித நேரமும் செலவுதான்."

மொத்த வண்டியையும் இறக்கிவிட்டுச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது நம் ஷெட் வழக்கம். அதை விட்டு, ஒரு வேகன் காலியானதும் கூட்டிப் பெருக்கிச் சோளத்தை ஏற்றச் சொன்னாள்.

"சேந்து சாப்பிடாம என்னத்த வேல?" என்றார் ஒருவர்.

"வண்டி போகட்டும், அண்ணாச்சி. பொறவு உக்காருவோம். நானும் வாரேன்."

முதல் சோள வண்டி கிளம்பிய அன்று உங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்பா அவளுக்குப் பரிமாறினார். ஷெட் இன்றும் திறந்திருக்கிறது.

பதினாறாம் நாள் அத்தையோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் அவளுடைய பையைக் கொண்டுவந்தார். கண்ணாடி, இரண்டு சேலை, அடியில் பேப்பர் சுற்றிய செங்கல். அந்த வாரம் கொண்டுவர வேண்டிய முறை அவளுடையது.

அக்கா கிளம்பும்போது அப்பா அதே பையில் சோளக்கதிர்களை நிரப்பி, "ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுங்கம்மா" என்று நீட்டினார். அடியில் கல்லையும் வைக்க எனக்குக் கை துறுதுறுத்தது. வைக்கவில்லை. திருப்பிக் கொண்டுவர அங்கே ஆளில்லை. பை மதுரைக்குப் போயிற்று. கல் என்னிடம் இருக்கிறது.