ஜன்னல் சாத்திய செபமாலையும் எனக்குத் திரும்பி வந்த மூச்சும்

ஆண்டவருடைய இரக்கத்தால் இன்றைக்கும் எழும்பி நடமாடுகிற ரீட்டா எழுதுவது. கற்பிட்டிப் பக்கத்து ஆலங்குடாவில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடலுக்குப் போகும் சூசையின் மனைவி நான், ஜெசிந்தா என்ற ஒரே மகளுக்குத் தாய், பத்து வருடத்துக்கு மேலாக மூட்டுவாதக்காரி.

என்னுடைய வாதம் வயது போய் வருகிற வாதம் அல்ல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே தாக்குகிற நோய். காலையில் விரல் மடங்காது. தேங்காய் துருவ ஏலாது, சட்டையின் பொத்தான் போட ஏலாது. அதை அடக்கி வைக்கப் புத்தளத்து கிளினிக்கில் வாரத்துக்கு ஒரு தடவை விழுங்குகிற குளிசையும், தினமும் ஒரு சின்ன ஸ்டீரொயிட் குளிசையும் தருகிறார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் மூட்டுக்கு நல்லது, மற்ற எல்லாவற்றுக்கும் கூடாது. இதை எனக்கு முதல் நாளிலேயே சொல்லிவிட்டார்கள்.

கொவிட் வந்து இரண்டு வருடமாகும்போது நான் இரண்டு ஊசியும் போட்டு முடித்திருந்தேன். மூன்றாவது அடுத்த கிழமை என்று இருந்தது. கிளினிக் டொக்டர் ஒரு நல்ல பெண் பிள்ளை. அவர் சொன்னார்:

"அம்மா, மத்தவங்களுக்குப் பிடிக்கிற மாதிரி உங்களுக்கு ஊசி பிடிக்கும் எண்டு சொல்ல ஏலாது. இந்தக் குளிசை குடிக்கிற ஆக்களுக்குக் கொஞ்சம் குறைவாத்தான் வேலை செய்யும். மூண்டாவதையும் போடுங்க. அதுவரைக்கும் சனக்கூட்டத்துக்குப் போகாதீங்க."

நான் ஓம் என்றேன். சொன்னபடியே எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. கூட்டம் என் வீட்டுக்கு வந்தது.

எங்கள் ஊரில் மாதா சொரூபம் கிழமைக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். எந்த வீட்டில் சொரூபம் இருக்கிறதோ அந்த வீட்டில் செபக் குழு கூடிச் செபமாலை சொல்லும். பிறகு தேத்தண்ணீரும் பேக்கரிப் பணிசும். அந்தக் கிழமை என் வீட்டு முறை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதாவைத் திருப்பி அனுப்பினேன் என்று ஊர் கதைக்கும், அதுவும் ஒரு பயம்.

அது வாடைக் காற்றுக் காலம். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்கி ஓடுவதற்கு வெள்ளைக்காரர் தேடி வருகிற அதே காற்று. அவர்களுக்கு அது விளையாட்டு. எங்களுக்கு அதனால் மெழுகுதிரி நிற்காது. செபமாலை நடுவில் திரி அணைந்தால் எங்கள் பெண்களுக்கு மனம் சரிவராது. ஆகவே செபம் தொடங்குமுன் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கச் சாத்துவது வழக்கம். அன்றைக்கும் சாத்தினோம். பத்துப் பேர் இருக்கக்கூடிய என் முன் அறையில் அதைப்போல இரண்டு மடங்கு ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் ஊசி போட்டவர்கள் என்பதால் முகக்கவசம் தாடைக்குக் கீழே கிடந்தது.

செபத்தை நடத்துகிறவர் ஸ்டெல்லா அக்கா. குழுவுக்குத் தலைவி. குரல் நல்ல கணீர். அன்றைக்கு இடைக்கிடை இருமினார்.

"தொண்டை கட்டியிருக்கு. நேத்து ஐஸ் தண்ணி குடிச்சது," என்றார்.

கடைசியில் எனக்காகத் தனிச் செபம் செய்தார். என் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்து, முகத்துக்கு முகம் நேராக, என் மூட்டுகள் இளகவேண்டும் என்று நல்ல சத்தமாக மன்றாடினார். எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு அன்பாகச் செபித்தார்.

இரண்டு மூன்று நாளில் உடம்பை முறித்துப் போட்டது போல ஒரு நோவு. எனக்கு அது புதிதா? வாதம் தலைதூக்குகிறது என்று நினைத்துப் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை. ஸ்டீரொயிட் குடிக்கிறவர்களுக்கு அது காய்ச்சலை மறைத்து வைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. கண்டுபிடித்தது ஜெசிந்தா.

"அம்மா, நீங்க கதைக்கேக்க பாதியில நிண்டு மூச்சு வாங்கிறீங்க."

பரிசோதித்தார்கள். கொவிட். செபத்துக்கு வந்தவர்களில் அநேகருக்கும் அதுதான். ஆனால் அவர்களுக்குத் தொண்டை நோவோடு போனது, கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள். எனக்கு நெஞ்சுக்கு இறங்கிவிட்டது.

சூசைக்குக் கோபம் எல்லாம் என் குளிசைகள் மேல்தான்.

"ரெண்டு ஊசி போட்டும் வந்திட்டுதே. இந்தக் குளிசைதான் உன்னை இப்பிடி ஆக்கினது. எல்லாத்தையும் தூக்கி எறி."

ஜெசிந்தா எறிய விடாமல் கிளினிக்குக்குப் போன் எடுத்தாள். வாரக் குளிசையை நோய் போகும்வரை நிறுத்துங்கள், தினக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அம்புலன்ஸ் வந்தது. ஜெசிந்தாவை ஏற்றவில்லை. அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புத்தளம் வாட்டில் முகத்தில் ஒட்சிசன் மாட்டினார்கள். விரலில் மாட்டுகிற மெசினைப் பார்த்துப் பார்த்து நேர்ஸ் பிள்ளை உதட்டைக் கடித்தாள். வாட் டொக்டர் ஜெசிந்தாவோடு போனில் கதைத்தது எனக்கும் கேட்டது. நாளைக் காலைக்குள் ஒட்சிசன் அளவு கூடாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூச்சு மெசினில் போட வேண்டும், இந்த நோய்க்காரர்கள் அதிலிருந்து திரும்புவது கஷ்டம் என்றார். நான் பயந்தேன். பக்தியுள்ளவர்கள் சாவுக்குப் பயப்படமாட்டார்கள் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். நான் நன்றாகப் பயந்தேன்.

முதலில் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். உம்முடைய தாயை வீட்டுக்குள் எடுத்ததற்கா இது என்று கேட்டேன். பிறகு செபமாலை சொல்லப் பார்த்தேன். விரலுக்கு மணி பிடிபடவில்லை. ஒரு மந்திரம் முழுதாகச் சொல்ல மூச்சும் போதவில்லை. கடைசியில் இழுக்கும்போது "ஆண்டவரே" என்றும் விடும்போது "மூச்சு" என்றும் மனதுக்குள் சொன்னேன். அவ்வளவுதான் என் செபம். பத்து வருடமாக ஒவ்வொரு திருநாளிலும் கைகளைக் குணமாக்கும் என்று கேட்டவள் நான். அன்றைக்குக் கை என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் கற்பிட்டி முஸ்லிம் அக்கா ஒருவர், நசீமா றாத்தா. அவருக்குச் சற்று சுகமாகி இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்:

"புள்ள, டொக்டர் சொன்ன மாதிரி குப்புறப் படுங்க. எனக்கும் அப்புடித்தான் மூச்சு வந்திச்சி. பயப்படாதீங்க. நான் துஆ கேக்குறேன். அல்லாஹ் லேசாக்கி வைப்பான்."

குப்புறப் படுத்தேன். மூட்டு எல்லாம் கத்தியது. ஆனாலும் படுத்துக் கிடந்தேன்.

ஊரில் நடந்ததை ஜெசிந்தா பிறகு சொன்னாள். குழுவில் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியாது. ஸ்டெல்லா அக்கா படுக்கையில் இருந்தபடியே வீட்டுக்கு வீடு போன் எடுத்து, பொழுதுபடும் நேரத்தில் அவரவர் வீட்டில் தனியே இருந்து ரீட்டாவுக்காகச் செபமாலை சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். எல்லாரும் சொன்னார்கள். கோயில் பக்கமே வராத சூசைகூட முற்றத்தில் நின்று தெரிந்த மட்டும் சொன்னாராம்.

விடிந்தபோது நேர்ஸ் பிள்ளை விரல் மெசினைப் பார்த்தாள். கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். டொக்டர் வந்து, "இனி அனுப்பத் தேவையில்ல அம்மா," என்றார். றாத்தா தன் கட்டிலில் இருந்து அல்ஹம்துலில்லாஹ் என்றார். எனக்கு முன்னால் ஆண்டவருக்கு நன்றி சொன்னது அவர்தான்.

மருந்து காப்பாற்றியதா செபம் காப்பாற்றியதா என்று கேட்கிறவர்கள் உண்டு. இரண்டும் வந்தது, இரண்டும் தேவையாக இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்கிற வேலையை நான் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சில நாளில் ஸ்டெல்லா அக்கா வந்தார். கேற்றுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை.

"ரீட்டா, உனக்கு நான்தான் கொண்டு வந்து தந்தது," என்றார்.

"ஓம் அக்கா. வேற ஆர்?" என்றேன்.

அவர் அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் சாகக் கிடந்தபோது எனக்காக வீட்டுக்கு வீடு கெஞ்சியதும் அவர்தானே. உள்ளே கூப்பிட்டு ஜன்னலோரம் கதிரை போட்டேன். தேத்தண்ணீர் குடித்தோம்.

வாரக் குளிசையை நிறுத்தியதில் வாதம் ஒரு மாதம் என்னை வதைத்தது. திரும்பத் தொடங்கிய பிறகு அடங்கியது. டொக்டர் சொன்ன நேரத்தில் மூன்றாவது ஊசியும் போட்டேன். விரல்கள் இன்றைக்கும் கோணல்தான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொடுத்தது ஜெசிந்தா. கைகள் குணமாகவில்லை என்று முன்போல நான் முறையிடுவதில்லை. காலையில் எழும்பி ஒரு மூச்சை அடிவரைக்கும் இழுத்து விடுகிறேன். அதுவே என் முதல் நன்றி.

அன்புள்ள சகோதரங்களே, உங்களுக்கு என்ன துன்பம் என்றாலும் ஆண்டவரிடம் கேளுங்கள். வார்த்தை வராவிட்டால் பாதி வார்த்தையில் கேளுங்கள், அது போதும். டொக்டர் சொல்வதையும் கேளுங்கள். என்னைப் போன்ற நோயாளி இருக்கிற வீட்டுக்குச் செபிக்க வருகிறீர்களா, வாருங்கள், நானும் வருகிறேன். ஆனால் உங்களுக்கு இருமல் இருந்தால் அன்றைக்கு மட்டும் உங்கள் வீட்டிலேயே இருந்து சொல்லுங்கள். எனக்காகச் சொன்ன செபத்தை ஆண்டவர் அங்கிருந்துதான் கேட்டார்.