இருநூற்று ஒன்பதாம் பாட்டு

எண்ணெயில் பூண்டு பொரியும் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் துதிப் பாட்டுதான் ஞாபகம் வருகிறது. மலேசியாவின் யோங் பெங்கில் எங்கள் சபை கூடியது ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே மீன் உருண்டை போட்ட மீ நூடுல்ஸ் விற்கும் சீனர் கடை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நாங்கள் பாட வாயைத் திறக்கும்போதுதான் அவர்கள் சட்டியில் பூண்டைப் போடுவார்கள் என்பதால், எங்கள் தலைமுறைக்குப் பக்தியும் பசியும் சேர்ந்தே வளர்ந்தன.

வீடமைப்புக்காக விற்கப்பட்ட இரண்டு ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் வேறு வழியில்லாமல் ஒன்றாகச் சேர்ந்ததுதான் அந்தச் சபை. நாங்கள் "மேட்டுத் தோட்டத்தார்", மற்றவர்கள் "ஆத்துத் தோட்டத்தார்". ஆண்டவர் ஒருவர், போதகர் ஒருவர், ஓடுகிற மின்விசிறிகூட ஒன்றுதான்; ஆனால் பாட்டுப் புத்தகம் மட்டும் இரண்டு. எங்களுடையது பச்சை அட்டை, அவர்களுடையது கறுப்பு அட்டை. பாட்டுகள் பெரும்பாலும் அவையேதான், எண்கள்தான் வேறு. வார்த்தைகளிலும் அங்கங்கே சின்ன வித்தியாசம் உண்டு. நாங்கள் "துதிப்போம்" என்று நிறுத்தும் இடத்தில் அவர்கள் "துதித்திடுவோம்" என்று இழுப்பார்கள். ஆகவே ஒவ்வோர் அடியிலும் நாங்கள் முதலில் போய்ச் சேர்ந்து அவர்களுக்காகக் காத்திருப்போம். எல்லோருக்கும் ஒரே புத்தகமாக வாங்கலாமே என்று போதகர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "தாராளமா வாங்கலாம் பாஸ்டர், பச்சையா பாத்து வாங்குங்க" என்றார் எங்கள் அப்பா. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

எந்தப் புத்தகத்தின் எண்ணை முதலில் அறிவிப்பது என்பதிலும் மனத்தாங்கல் வந்ததால் முன்னால் ஒரு பலகையை மாட்டினார்கள். இடப்பக்கம் பச்சையின் எண், வலப்பக்கம் கறுப்பின் எண். பலகையில் இருப்பதை மறுபேச்சில்லாமல் பாடிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். எண் அட்டைகளைச் செருகும் பொறுப்பு என் அக்கா கிரேஸுடையது. ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே அட்டைதான். தலைகீழாகச் செருகினால் ஒன்று மற்றதாகிவிடும். அக்காவுக்குச் சபையில் நல்ல பெயர். வீட்டில் அவளோடு காலம் தள்ளிய எனக்குத் தெரியும், தான் செய்தது தப்பு என்று அவள் வாயிலிருந்து வரவே வராது. சோறு குழைந்தால் அரிசியைத் திட்டுவாள்.

அப்படிப்பட்டவளைத்தான் ஆத்துத் தோட்டத்து சாமுவேல் அத்தான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் அவர் அதிகம் பேசாதவர். அவருடைய அம்மா சம்மதிக்கவே ஆறு மாதம் ஆனது. "மேட்டுத் தோட்டத்துக்காரங்களுக்கு நம்மள பாத்தா எப்பவும் எளக்காரம்தான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் காதுக்கும் வந்தது. கல்யாண நாள் வரைக்கும் அவர் மனம் மாறிவிடுமோ என்று எங்கள் அம்மா பயந்துகொண்டே இருந்தார்.

அன்று காலை ஏழு மணிக்குத் தலையில் ஈரத்துண்டும் இடுப்பில் கைலியுமாகக் கல்யாணப் பெண்ணே மாடியேறிப் பலகையைச் சரிசெய்தாள், வேறு யாரையும் நம்ப மாட்டாள் என்பதால். பத்து வயதுக்காரியான நான் கீழ்க்கடையில் ஏதாவது தின்னக் கிடைக்கும் என்று கூடவே போயிருந்தேன். பச்சையில் நூற்றுப் பதினெட்டு, கறுப்பில் இருநூற்று ஆறு. இரண்டும் ஒரே கல்யாணப் பாட்டு. கல்யாண அவசரமோ என்னவோ, கடைசி அட்டையைத் தலைகீழாகச் செருகியதில் அது இருநூற்று ஒன்பதாகிவிட்டது. அந்தக் கறுப்புப் புத்தகத்தைத் தொகுத்த புண்ணியவான் கல்யாணப் பாட்டுகளுக்கு அடுத்த பக்கத்திலேயே அடக்கப் பாட்டுகளை வைத்திருந்தார்.

தாலி கட்டுவதற்கு முன்னால் அந்தப் பாட்டு. கல்யாணப் பாட்டுக்கும் அடக்கப் பாட்டுக்கும் மெட்டு ஒன்றே என்பதால் கீபோர்டு வாசித்தவருக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் பக்கம் "கரம் பிடித்த இருவரையும் காத்தருளும்" என்று எடுக்க, அவர்கள் பக்கம் "ஓட்டம் முடித்த பயணியே உறங்கிடுவாய்" என்று சேர்ந்துகொண்டது. பலகையில் போட்டிருக்கிறதே, பாடாமல் என்ன செய்வார்கள்? முதல் சரணத்தை முழுதாகப் பாடினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, மனைவியை அடக்கம் செய்த நாளை நினைத்துக்கொண்டு விசும்பவே ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் சரணத்தில்தான் மாப்பிள்ளையின் அம்மா புத்தகத்தைப் பட்டென்று மூடிக்கொண்டு எழுந்தார்.

"சாவுப் பாட்டு பாடவா எங்கள வரச் சொன்னீங்க?"

"நாங்க கல்யாணப் பாட்டுதான் பாடினோம், நீங்கதான் அத பாடுனீங்க" என்றார் எங்கள் அம்மா. உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் சொல்லக்கூடிய உண்மை அல்ல. நாமெல்லாம் சகுனம் பார்ப்பதில்லை என்று வாரந்தோறும் அறிக்கையிடும் சபை, சகுனம் பார்த்த முகத்தோடு உறைந்துபோயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"பலகை போட்டது யாரு?" என்று கேட்டார் போதகர்.

எல்லோரும் எங்கள் வரிசையைப் பார்த்தார்கள். அக்கா முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் நின்றுவிடும் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான்தான் பாஸ்டர்" என்றார் சாமுவேல் அத்தான்.

"நீ எப்படா போட்ட? காலையிலேர்ந்து என் கூடதான இருந்த" என்றார் அவருடைய அம்மா.

அத்தானுக்குப் பொய்யை அதற்குமேல் நடத்தத் தெரியவில்லை. அப்போதுதான் அக்கா முக்காட்டை விலக்கினாள். "அவரு இல்ல. நான்தான் போட்டேன். தப்பு என்னுதுதான்."

எங்கள் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்; அவரும் அந்தச் சொல்லை அவளிடம் அதுவரை கேட்டதில்லை. மாப்பிள்ளையின் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கைப்பையைக் கீழே வைத்தார்.

"நான் பெத்தது பொய் சொல்லுது, வரப்போறது உண்மைய சொல்லுது. சரிலா, அட்டைய திருப்பிப் போடுங்க, பாடலாம்."

அன்று பாடியதுபோல் எங்கள் சபை பின்னால் என்றும் பாடியதில்லை. "துதித்திடுவோம்" என்று எங்கள் பக்கத்திலும் சிலர் இழுத்தார்கள். கீழ்க்கடைக்காரர் மாடிப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தார்.

இப்போது சபைக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது. பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை, பலகையும் இல்லை. வெள்ளைத் திரையில் பாட்டு வருகிறது, தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகக் கீழே ரூமி என்கிற ஆங்கில எழுத்திலும். எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிக்கிறோம். எனக்கு அது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. போன மாதம் ஒரு ஞானஸ்நான ஆராதனையில் திரையில் வேறேதோ பாட்டு வந்து நின்றது. யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. "அலமாக், லேப்டாப் பிரச்சனலா" என்று அலுத்துக்கொண்டது பின்னாலிருந்து ஒரு குரல். சபை முழுவதும் தலையாட்டியது.

என் பக்கத்திலிருந்த சாமுவேல் அத்தான் மட்டும், தலையெல்லாம் நரைத்துவிட்ட மனிதர், முழங்காலில் கையை ஊன்றி எழப் பார்த்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. இதுவும் நீங்க போடல."