ஒரு சந்துக்கு இரண்டு பஸ்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அக்கா வீட்டு வாசலில் கட்டியிருந்த கயிற்றில் இரண்டு பனியன் சட்டைகள் அடுத்தடுத்துக் காயும். நீலச் சட்டையின் முதுகில் வாயைப் பிளந்த திமிங்கிலம், அது அத்தானுடையது. ஆரஞ்சுச் சட்டையின் முதுகில் கறுப்புக் கண்ணாடி போட்ட முதலை. அது என் அண்ணனுடையது. பூனா போகும் நெடுஞ்சாலையில் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு தண்ணீர்ப் பூங்காக்களின் சீருடைகள் அவை. அக்கா இரண்டையும் ஒரே வாளியில்தான் ஊறப்போடுவாள். சாயம் ஒட்டிக்கொண்டால் எந்த பார்க் முதலாளி சேட்டு முதலில் கோபிப்பான் என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள்.

ஊரில் அப்பா போனபிறகு அண்ணனையும் என்னையும் மும்பைக்குக் கூட்டிவந்தது அத்தான்தான். அக்காவும் அவரும் மகளும் இருந்த ஒற்றை அறையில் எங்களுக்கும் பாய் விரித்தார். அந்த இரண்டில் பழைய பார்க்கில் அவருக்கு 'குரூப் புக்கிங்' வேலை. கோடை வந்தால் தாராவியின் தோல் பட்டறைகள், செம்பூர் அடுக்குமாடி சொசைட்டிகள், கோவில் கமிட்டிகள் என்று ஏறி இறங்கி, ஆளைத் திரட்டி பஸ் பஸ்ஸாக அனுப்பவேண்டும். அண்ணனுக்கும் அதே பார்க்கில் வேலை வாங்கிக் கொடுத்து, யாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்று கூடவே வைத்துப் பழக்கினார். எதிரே புது பார்க் வந்தது, தங்கும் அறைகளோடு. வந்ததும் அவர்கள் செய்த முதல் காரியம், கூடுதல் சம்பளம் கொடுத்து அண்ணனை இழுத்துக்கொண்டதுதான். அத்தான் அன்று "சின்னப்பய, நல்லா இருக்கட்டும்" என்று மட்டும் அக்காவிடம் சொன்னார்.

பிறகு இரண்டு பார்க்கும் மல்லுக்கட்ட ஆரம்பித்தன. இவர்கள் மதியச் சாப்பாடு இலவசம் என்றால் அவர்கள் காலை நாஷ்டாவும் சேர்த்து இலவசம் என்பார்கள். இவர்கள் உயரமாக ஒரு சறுக்கு கட்டினால் அவர்கள் அதைவிட உயரமாக ஒன்று கட்டுவார்கள். பெரிய இடத்துச் சண்டை, நமக்கென்ன என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எங்கள் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் சந்து, மும்பைப் பேச்சில் 'கல்லி', மொத்தமும் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் போவது வழக்கம். வருடா வருடம் அது அத்தானுடைய பஸ். அந்த வருடம் புது பார்க்கும் அதைக் கேட்டது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தான் பேச்செடுத்தார். "மாப்ள, பம்பாய் பூராவும் நீயே புடிச்சிக்கோ. இந்தக் கல்லிய மட்டும் விட்டுரு. இதுவும் போச்சுன்னா என்னய வீட்டுக்கு அனுப்பிருவானுவ."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்தக் கல்லிக்காவத்தான் அத்தான் சேட்டு என்னய வேலைக்கே வச்சிருக்கான்."

இரண்டுமே உண்மை. அதனால்தான் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அக்கா இருவர் தட்டிலும் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

சந்துக்காரர்கள் நல்லவர்கள். அதுதான் வினையாகப் போயிற்று. அத்தான் கேட்டபோதும் சரி என்றார்கள், அண்ணன் கேட்டபோதும் சரி என்றார்கள். "மச்சானும் மச்சினனுமா வந்து நிக்கும்போது யாரு மூஞ்சியப் பாத்து இல்லங்கது?" என்று கோவில் கமிட்டித் தலைவர் என்னிடமே கேட்டார். இரண்டு பேர் மனமும் நோகக்கூடாது என்று அவர்களே கூடிப் பேசி ஒரு வழியும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்து முனையில் இரண்டு பஸ்கள் வந்து நின்றன. வீட்டுக்கு வீடு ஆண்கள் ஒன்றிலும் பெண்கள் ஒன்றிலுமாக ஏறினார்கள். பிள்ளைகளையும் பங்கு போட்டார்கள். அப்போதுதான் கல்யாணமாகியிருந்த ஒரு ஜோடி ஆளுக்கொரு பஸ்ஸின் ஜன்னலில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தது. ஊரே சிரித்தது. பாதி காலியாக நின்ற பஸ்களின் வாசலில் அத்தானும் அண்ணனும் நின்றார்கள். அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

பாதி பஸ் கொண்டுவந்தவருக்கு இனி வேலையில்லை என்று பழைய பார்க் சொல்லிவிட்டது. புது பார்க்குக்கு அந்தப் பாதியே வெற்றிதான். எதிரியின் வாயிலிருந்து பிடுங்கியதல்லவா. அண்ணனுக்குப் பதவி உயர்வு. "என் சோத்தத் தின்னுட்டு என் வயித்துலயே அடிச்சிட்டான்" என்று அத்தான் ஒரே ஒரு தடவை சொன்னார். அடுத்த வாரம் அண்ணன் விக்ரோலிக்குக் குடிபோனான். அத்தான் செம்பூரில் ஒரு சொசைட்டிக்கு வாட்ச்மேன் ஆனார். நடுவில் நான் அங்கும் இங்கும் போய்ப் பேசிப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் டீ கொடுத்தார்கள்.

அவர்கள் பேசிக்கொள்ளாமலேயே சில வருடங்கள் ஓடின. சென்ற மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். மூத்த தாய்மாமன்தான் மாலை போட்டு மணமேடைக்குக் கூட்டிவரவேண்டும். அவனை அழைக்க அக்காவும் அத்தானும் ஜோடியாக வெற்றிலைத் தட்டோடு போகவேண்டும். எங்கள் பக்கத்து முறை அது. அத்தான் வர மறுத்துவிட்டார். அக்காவோடு நான் போனேன். அண்ணன் தட்டை வாங்கவில்லை. "அத்தான் வந்து கூப்பிட்டா ஓடி வருவேன்க்கா" என்றபோது அவன் கண் கலங்கியிருந்தது. மண்டபத்தில் மாலையை நான்தான் போட்டேன். மேடைக்குப் போகும்வரை அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

மறுவீட்டு விருந்தன்று புது மாப்பிள்ளை, பாவம், மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பையன், ஒன்றும் தெரியாமல் அத்தானிடம் போனைக் காட்டினான். "மாமா, ஹைவேல இருக்கிற ரெண்டு வாட்டர் பார்க்கும் இப்ப ஒரே கம்பெனி தெரியுமா? ஒரே டிக்கெட்ல ரெண்டுக்கும் போலாமாம். ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போறதுக்கு பஸ்கூட ஃப்ரீ. சண்டே போலாம்னு இருக்கோம்."

அத்தான் இலையைப் பார்த்தபடி, "போயிட்டு வாங்க மாப்ள" என்றார்.

பாயசம் ஊற்ற வந்த அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். எல்லோரும் இருக்கிறார்கள் என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"சேட்டுமாரு சேந்துட்டாவ. நீங்க ரெண்டு பேரும் எப்பம் சேருவிய?"

அத்தான் இலையை மூடிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.